தொண்டர்க்கும் ஆசான் வேண்டும்

தச்சுத் தொழில் கற்க விழைவோன் தச்சனிடம் செல்கிறான். மருத்துவம் கற்க விழைவோன் மருத்துவக் கல்லூரியை நாடுகிறான். ஆசிரியராக விரும்புவோர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, மூத்த ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, நடுங்கும் கையுடன் கரும்பலகையில் எழுதிப் பழகுகின்றனர். நம்மில் பலர் இதனைப் பட்டறிவால் அறிந்தவர்களே. ஆனால் வழிதவறும் இளைஞனை அணுகிப் பேசவும், ஒரு குடியிருப்பு மக்களை ஒன்றுகூட்டி அவர்தம் குறைகளை அவர்களே களையுமாறு செய்யவும் வல்ல தொண்டரை உருவாக்குவோர் யார்?

‘நல்ல மனம் இருந்தால் போதும், தொண்டுக்குப் பட்டம் எதற்கு?’ என்று கேட்போர் உளர். ‘அதற்கெனப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒதுங்குவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் குறையுடையன. இளைஞர் பணியும் சமூகப் பணியும் பல்கலைக்கழகத்திற்குள் புகுந்த வரலாற்றைப் பார்ப்போமானால், மக்களோடு வாழ்ந்து பழகிய ஒருவர் மாணவரின் அருகில் ஆசானாக நின்றபோதெல்லாம் அக்கல்வி உயிர் பெற்றது என்பது தெளிவாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழக்கு இலண்டனில் ஓர் இல்லம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரம் இரண்டு நகரங்களாகவே விளங்கிற்று எனலாம். மேற்குப் பகுதியில் செல்வர் மாளிகைகள் நின்றன. கிழக்குப் பகுதியில் துறைமுகக் கூலிகளும், தையல் வேலை செய்து பிழைப்போரும், பிற நாடுகளிலிருந்து ஏதிலிகளாய் வந்தோரும் நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தனர். அப்பகுதியைச் சேர்ந்த ஒயிட்சேப்பலில் 1873ஆம் ஆண்டு தேவாலயப் பொறுப்பேற்றவர் சாமுவேல் பார்னெட் என்பார். அவரும் அவர்தம் துணைவியார் ஹென்ரியெட்டாவும் பத்தாண்டுக் காலம் அம்மக்களிடையே பணியாற்றி ஓர் உண்மையைக் கண்டனர். தொலைவிலிருந்து வீசப்படும் காசு ஏழையின் வாழ்வை மாற்றுவதில்லை. கற்றவரும் மற்றவரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்தால்தான் மாற்றம் விளையும் என்பதே அவ்வுண்மை.

இக்கருத்தைப் பார்னெட் 1883ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் முன்னிலையில் எடுத்துரைத்தார். அதே ஆண்டில், ஏழைத் தொழிலாளர்பால் நெஞ்சம் நெகிழ்ந்த பொருளியல் வரலாற்றறிஞர் ஆர்னால்டு டாயின்பி தம் 30ஆம் வயதில் மறைந்தார். அவர் நினைவைத் தாங்கி 1884ஆம் ஆண்டு இறுதியில் ஒயிட்சேப்பலில் டாயின்பி மண்டபம் எழுந்தது. பல்கலைக்கழகம் பயின்ற இளைஞர்கள் அங்கே தங்கினர். பகலில் தத்தம் அலுவலைப் பார்த்தனர். மாலையில் வகுப்பு நடத்தினர். சிறுவர் மன்றங்களில் பணியாற்றினர். தெருத்தெருவாய்ச் சென்று மக்கள் வாழ்நிலையை ஆராய்ந்தனர்.

அவர்கள் கற்பிக்க வந்தவர்கள். ஆயினும் கற்பித்ததைவிடக் கற்றதே மிகுதி. பின்னாளில் 1942ஆம் ஆண்டு அறிக்கையின் வாயிலாகப் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்கு அடிகோலிய வில்லியம் பெவரிட்ஜ், 1903 முதல் 1905 வரை இம்மண்டபத்தின் துணைக் காப்பாளராய் இருந்தவரே. அமெரிக்க நாட்டிலிருந்து வந்து இதனைப் பார்த்துச் சென்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையார், தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ஹல் இல்லத்தைத் தோற்றுவித்தார்.

எனினும் நல்லெண்ணத்தோடு வந்த இளைஞர் பலர் என்ன செய்வதென்று அறியாது திகைத்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆர்வம் வழிகாட்டி ஆகிவிடாது. இக்குறையை முதலில் உணர்ந்து செயற்பட்டோர் மகளிரே. 1887ஆம் ஆண்டில் இலண்டன் சவுத்வர்க்குப் பகுதியில் பல்கலைக்கழக மகளிர் நிறுவிய இல்லம், புதிதாய் வருவோர்க்குச் சொற்பொழிவுகளையும் செயல்முறைப் பயிற்சியையும் இணைத்து வழங்கத் தலைப்பட்டது. தொண்டுக் கல்வியின் முதல் வித்து அங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

மன்றத்திலிருந்து வகுப்பறைக்கு

1905ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு மாலைப் பொழுது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று சட்டத் தொழிலில் புகுந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர், கிழக்கு இலண்டன் ஸ்டெப்னியில் இருந்த சிறுவர் மன்றம் ஒன்றைப் பார்க்கச் சென்றார். அவர் பயின்ற ஹெய்லிபரிப் பள்ளியின் ஆதரவில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடைபெற்றுவந்த மன்றம் அது. பார்த்துவிட்டு வரச் சென்றவர், மீண்டும் மீண்டும் சென்றார். 1907ஆம் ஆண்டில் அம்மன்றத்தின் பொறுப்பாளராகி, அங்கேயே குடியேறினார். வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், வறுமை என்பது சோம்பலின் விளைவன்று என்பதை அச்சிறுவரிடமிருந்து கற்றுக்கொண்டார். அவர்தாம் பின்னாளில், 1945ஆம் ஆண்டில், பிரிட்டனின் பிரதமரான கிளெமென்ட் அட்லி.

1912ஆம் ஆண்டு இலண்டன் பொருளியற் கல்லூரியில் சமூக அறிவியலுக்கும் நிருவாகத்திற்குமான துறை தொடங்கப்பெற்றது. அதற்கு முன் 1903ஆம் ஆண்டிலிருந்து அறநிலையத்தார் தனியே நடத்திவந்த சமூகவியற் பள்ளி அதனோடு இணைந்தது. அத்துறைக்கு விரிவுரையாளர் வேண்டியிருந்தது. அட்லி பேராய்வு எதனையும் எழுதியவர் அல்லர். ஆயினும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஏழை மக்களின் வாழ்வை நேரிற்கண்டு அறிந்தவர் என்பதே அவர்க்கு இருந்த பெருந்தகுதி. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின் 1923ஆம் ஆண்டுவரை அவர் அங்கே கற்பித்தார். சமூகப் பணியாளரைப் பற்றி 1920ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார்.

இத்துறையின் தொடக்கத்தில் இந்தியரின் கொடையும் கலந்திருந்தது என்பது நாம் நினைத்துப் பெருமைகொள்ளத்தக்க செய்தியாகும். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன் சர் இரத்தன் டாட்டா, வறுமையின் காரணங்களை ஆராய்வதற்கென இக்கல்லூரிக்குப் பொருளுதவி செய்தார். அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர், தாமும் டாயின்பி மண்டபத்தில் தங்கிப் பணியாற்றியவரான ஆர். எச். டானி ஆவார்.

ஏட்டுக்கும் தெருவுக்கும் இடையே

பல்கலைக்கழகத்திற்குள் புகுந்த தொண்டுக் கல்வி ஒரு சிக்கலை எதிர்நோக்கியது. ஏடு மட்டும் கற்றவன் மனிதரைக் காண அஞ்சுகிறான். தெருவில் மட்டும் திரிந்தவன் தான் கண்டதன் காரணத்தை அறியாமல் அலைகிறான். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக உருவானதே களப்பணிப் பயிற்சி. அப்பாலத்தைத் தாங்கும் தூண் களப்பணி வழிகாட்டி.

இப்பயிற்சி நடைபெறும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவி வாரத்தில் சில நாள் இளைஞர் மன்றம் ஒன்றுக்கு அனுப்பப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளன்று பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அவளைக் கேலி செய்துவிட்டுக் கதவை அறைந்து வெளியேறுகிறான். அவள் அன்றிரவு நடந்தவற்றை ஒன்றுவிடாமல் எழுதுகிறாள்: அவன் சொன்னது என்ன, தான் சொன்னது என்ன, தன் மனத்தில் எழுந்தது என்ன என்று. அக்குறிப்பை வழிகாட்டி படிக்கிறார். வாரத்தில் ஒருமுறை அவளோடு தனித்து அமர்கிறார். ‘அவன் கெட்டவன்’ என்று அவர் சொல்வதில்லை; ‘நீ செய்தது தவறு’ என்றும் சொல்வதில்லை. ‘அவன் வெளியேறுவதற்குச் சற்று முன் அறையில் நடந்தது என்ன?’ என்று வினவுகிறார். அவள் நினைவுகூர்கிறாள். மற்ற பிள்ளைகள் அனைவரிடமும் படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தாள். அவனுக்குச் சரியாக எழுதத் தெரியாது! கேலி என்று அவள் கருதியது, நாணத்தை மறைக்க அவன் போர்த்துக்கொண்ட போர்வை.

விடையை வழிகாட்டியே கூறியிருந்தால் அம்மாணவி ஒரு பையனைப் பற்றி மட்டும் அறிந்திருப்பாள். வினாவைக் கேட்டதனால், இனிச் சந்திக்கப் போகும் நூறு பையன்களை அறியும் வழியைக் கற்றுக்கொண்டாள். பல்கலைக்கழக ஆசிரியர், களப்பணி வழிகாட்டி, மாணவர் ஆகிய மூவரும் இடையிடையே ஒன்றுகூடி அவளது வளர்ச்சியை மதிப்பிடுவர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இம்முறை புதிதன்று.

பம்பாயில் ஒரு பள்ளி

இலண்டனில் டாட்டா குடும்பம் தூவிய விதைக்குப் பம்பாயிலும் ஒரு நாற்றங்கால் வாய்த்தது. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளிஃபர்டு மான்சார்ட் என்னும் அமெரிக்கர், ஆலைத் தொழிலாளரும் பல சமயத்தாரும் நெருங்கி வாழ்ந்த நாக்பாடாப் பகுதியில் 1920களின் பிற்பகுதியில் ஓர் அண்டையர் இல்லத்தை நிறுவி நடத்தினார். பயிற்சி பெற்ற பணியாளர் கிடைக்காமையே தம் பணிக்குப் பெருந்தடை என்பதை அவர் உணர்ந்தார். சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் ஆதரவுடன் 1936ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சமூகப் பணிப் பள்ளி அந்த இல்லத்திலேயே தொடங்கப்பெற்றது. வகுப்பறையின் சன்னலைத் திறந்தாலே பாடநூல் கண்ணெதிரே விரிந்தது!

அப்பள்ளியின் தொடக்ககால ஆசிரியருள் ஒருவர் தமிழர். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தாரான ஜே. எம். குமரப்பாவே அவர். மான்சார்டுக்குப் பின் 1940களில் அதன் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1944ஆம் ஆண்டில் அது டாட்டா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1947ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினையின் விளைவாக இலட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, இக்கழகத்தின் ஆசிரியரும் மாணவரும் குருக்ஷேத்திர அகதிகள் முகாமிற்குச் சென்று பணியாற்றினர். 1964ஆம் ஆண்டில் அது பல்கலைக்கழக நிலையையும் எய்தியது. 1952ஆம் ஆண்டில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையிலும் ஒரு சமூகப் பணிப் பள்ளி எழுந்தது.

இளைஞர் பணி தனித்துறையாதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர் பணி தனக்கெனத் தனிக் கல்வியை வேண்டி நின்றது. இங்கிலாந்தில் பெண்கள் மன்றங்களோடு நெருங்கிப் பழகிய ஜோசபின் மக்காலிஸ்டர் பிரூ, முறைசாராக் கல்வியைப் பற்றி 1946ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். பள்ளிக்கு வெளியே, இளைஞர் விரும்பிக் கூடும் இடத்திலேயே கல்வியைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆனால் நாட்டில் முழுநேர இளைஞர் பணியாளர் மிகச் சிலரே இருந்தனர். போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் பதின்ம வயதை எட்டிக்கொண்டிருந்தனர். கட்டாயப் படைப்பணியும் முடிவுக்கு வரவிருந்தது. இந்நிலையை ஆராய 1958ஆம் ஆண்டில் அமர்த்தப்பெற்ற அல்பமார்ல் குழு, 1960ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஏறத்தாழ 700ஆக இருந்த முழுநேரப் பணியாளர் எண்ணிக்கை 1966ஆம் ஆண்டிற்குள் 1,300ஆக உயர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் பயனாக 1961ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில் இளைஞர் தலைவர் பயிற்சிக்கான தேசியக் கல்லூரி தொடங்கப்பெற்று, ஓராண்டுப் பயிற்சி அளித்தது. 1970ஆம் ஆண்டில் அது மூடப்பட்டபின் அப்பணியைப் பிற உயர்கல்வி நிலையங்கள் மேற்கொண்டன. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் அறிக்கை, இளைஞரைச் சமூகத்தினின்று பிரித்துப் பார்த்தல் ஆகாது என்று வற்புறுத்திற்று. ‘இளைஞர் பணியும் சமூகப் பணியும்’ என்று இரண்டையும் சேர்த்து வழங்கும் வழக்கு அதன்பின் வலுப்பெற்றது.

சிங்கையில் 1952

இனி, நம் மண்ணுக்கு வருவோம். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சி சிங்கப்பூரில் பசியையும் அநாதைக் குழந்தைகளையும் விட்டுச் சென்றது. 1946ஆம் ஆண்டில் சமூக நலத்துறை அமைக்கப்பெற்று, மலிவு விலை உணவகங்களையும் குழந்தைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களையும் நடத்திற்று. பின்னாளில் துணைப் பிரதமராக விளங்கிய கோ கெங் சுவீ, அந்நாளில் இத்துறையில் பணியாற்றி மக்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் ஆராய்ந்தவர். 1947ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 இலட்சத்து 40 ஆயிரமாய் இருந்த மக்கள்தொகை, 1957ஆம் ஆண்டில் 14 இலட்சத்து 45 ஆயிரத்தைத் தாண்டியது. எங்கு நோக்கினும் குழந்தைகளும் இளையருமே காட்சியளித்தனர். அவர்தம் நலம் காக்கப் பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும் அன்றோ?

1949ஆம் ஆண்டில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், 1952ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சமூகப் பணிக்கான ஈராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கிற்று. பாடநூல்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றில் குடும்பம் என்றால் தாய், தந்தை, பிள்ளைகள் ஆகியோர் மட்டுமே. ஆனால் சைனாடவுன் கடைவீட்டின் தடுப்பறைகளில் வாழ்ந்த குடும்பம் வேறு. கம்பத்து வீட்டில் பாட்டியும் அத்தையும் தத்துப்பிள்ளையும் கூடி வாழ்ந்த குடும்பம் வேறு. ஹொக்கியனும் மலாயும் தமிழும் ஒலித்த தெருக்களில், ஆங்கிலத்தில் கற்ற பாடம் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பப் பாடநூலால் இயலவில்லை, ஆசிரியர் தேவைப்பட்டார்.

அத்தகைய ஆசிரியராய் வாய்த்தவர் ஆன் வீ அம்மையார். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1950ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, இந்நாட்டுச் சீனர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்தார். முதலில் பள்ளியில் கற்பித்தார். பின்னர்ச் சமூக நலத்துறையில் பயிற்சி அலுவலராய்ப் பணியாற்றினார். அதன்பின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1968 முதல் 1986 வரை துறைத்தலைமை ஏற்றார். மருமகளாய்ப் புகுந்த வீட்டிலும், அலுவல் நிமித்தம் நுழைந்த வீடுகளிலும் கண்ட வழக்கங்களையெல்லாம் அவர் உற்றறிந்தார். ‘இது மூடப்பழக்கம்’ என்று ஒதுக்காமல், ‘இவர்கள் ஏன் இவ்வாறு செய்கிறார்கள்?’ என்று கேட்கும் இயல்பு அவரிடம் இருந்தது. பல்லாண்டுகள் சிறார் நீதிமன்றத்தின் ஆலோசகராகவும் அமர்ந்தார். பழைய சிங்கப்பூரின் குடும்ப வாழ்வைப் பற்றித் தம் 91ஆம் வயதில், 2017ஆம் ஆண்டில், ஒரு நூலும் வெளியிட்டார். 2019ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, சிங்கப்பூர்ச் சமூகப் பணியின் தாய் என்று நாடே அவரைப் போற்றியது.

அவருக்குப் பின் 1987 முதல் 2000 வரை துறைத்தலைமை வகித்தவர் எஸ். வாசு. அதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் ஈடுபாட்டை ஆராய்ந்து எழுதியவர் அவர். ஏட்டையும் குடியிருப்பையும் ஒருசேரக் கண்டவர் என்பதில் ஐயமில்லை.

மலேசியாவும் நம் கடமையும்

மலேசியாவில் 1975ஆம் ஆண்டு பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் சமூகப் பணிக் கல்வியைத் தொடங்கிற்று. அதற்கு முன்னும் பின்னும் தமிழ்ச் சமுதாயம் வாளாவிருக்கவில்லை. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வழி வளர்த்த மாணவர் மணிமன்றம், ஓர் இளைய தலைமுறையை எழுதவும் பேசவும் பழக்கியது. மலேசியாவில் 1982ஆம் ஆண்டில் டாக்டர் எம். தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களே பின்வரும் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர்க்கு, ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது அங்கேதான்.

இம்முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. நம் மன்றங்களில் தொண்டாற்ற வரும் இளைஞன் ஈராண்டு ஓடி உழைக்கிறான். மூன்றாம் ஆண்டில் சோர்ந்து விலகுகிறான். அவனுக்குப் பணி கொடுத்தோம், பதவி கொடுத்தோம், மேடையில் பொன்னாடையும் போர்த்தினோம். வாரத்தில் ஒரு மணி நேரம் அவனோடு அமர்ந்து, ‘இவ்வாரம் நீ கண்டது என்ன? உன்னை வருத்தியது என்ன? அடுத்து என்ன செய்வாய்?’ என்று கேட்க ஒருவரைக் கொடுத்தோமா? அது இல்லாமையால் அன்றோ, பள்ளியை விட்டு நின்ற பையனைத் தேடிச் சென்றவன், மூன்றுமுறை கதவு சாத்தப்பட்டதும் மனம் உடைந்து திரும்பி வந்தான்? தொண்டன் ஒருவனை இழந்ததோடு, அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த பையனையும் இழந்தோம்.

ஆதலின், தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் சொல்ல வேண்டுவன இரண்டு உண்டு. மாணவர்களே! சமூகப் பணிக் கல்வியை மதிப்பெண் குறைந்தோர்க்குரிய படிப்பென்று எண்ணிப் புறக்கணித்தல் வேண்டா. நம் மக்களின் மொழியறிந்து, அவர்தம் வாயிற்படியைத் தாண்டிச் செல்லவல்ல பணியாளர் நமக்கு வேண்டும். ஆசிரியப் பெருமக்களே! பின்வரிசையில் அமர்ந்து உங்களுக்கு வழிகாட்டிய மூத்த ஆசிரியரை நினைவுகூருங்கள். அவர் உங்களுக்குச் செய்ததை, உங்கள் ஊர் மன்றத்தில் தொண்டாற்றும் ஓர் இளைஞனுக்கு நீங்கள் செய்யலாம். அதற்குத் தனிக் கட்டடம் வேண்டா; அரசு மானியமும் வேண்டா. இரண்டு நாற்காலியும், ஒரு மணி நேரமும், கேட்கும் செவியும் போதும்.

ஸ்டெப்னிச் சிறுவர் மன்றத்தைப் பார்த்துவரச் சென்ற இளைஞர், அங்கே கற்றதைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மருமகளாய் வந்த மாதரசி, புகுந்த நாட்டில் ஒரு துறையையே வளர்த்தார். அவர்களும் முதலில் கற்றுக்கொண்டவர்களே. தொண்டர் தாமே முளைப்பதில்லை. அவரை வளர்க்கும் ஆசான்கள் நம்மிடையே பெருகுவார்களாக!